பல் விழாத வயசு

ஆடுகிறதுதான், சந்தேகமே இல்லை. மேல்வரிசையில் நட்டநடுவே இருக்கிற இரண்டில் இடதுபக்கத்துப் பல். விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் தொட்டதற்கே உள்ளே சாய்ந்து வெளியே வருகிறது, இனி தொடக்கூடாது, தொட்டுத் தொட்டு நாமே பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கப்போகிறோம் என்று குஞ்சிதம் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். மடியில் தலைவைத்து வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிற மகள் சிந்தாமணிக்கு ஒன்றும் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் பேபி சிந்தா, அம்மாவுக்கு மட்டும் சிந்தாமணி, கோபம் வந்தால் சனியனே. கிராப்புத் தலையும் காக்கி அரைக்கால் சட்டையும் முழங்காலில் மேக்கப்காரர் வரைந்த காயமுமாகக் கிடப்பதைப் பார்த்தால் பெண்குழந்தை என்று யார் சொல்வார்கள். கோடம்பாக்கத்து வெயில் பாதாம் மரத்தின் மேலேயே நின்றுவிட்டது, கீழே பெஞ்சுக்கு இறங்கவில்லை. சாப்பாட்டு இடைவேளை. ஸ்டூடியோ முழுக்க உண்ட மயக்கத்தில் கிடந்தது. லைட்காரர்கள் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சுவரோரமாகச் சாய்ந்திருந்தார்கள், பெரிய நடிகர் தன் அறையில் தூங்கப் போயிருந்தார், அவர் எழுந்து முகம் கழுவினால்தான் இந்தப் படத்துக்கு மறுபடி பொழுது விடியும். அதுவரைக்கும் இந்த நேரம் குஞ்சிதத்தினுடையது. தயிர்சாதத்தைக் கூழாகக் கரைத்து ஊட்டியாகிவிட்டது, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு, அதையும் மசித்து. அப்பளம் கேட்டது, கொடுக்கவில்லை. காற்று வருகிறது. தொடை மரத்துப்போகிறது, போனால் போகட்டும், வயிறு நிறைந்த குழந்தை மடியில் தூங்குவதைவிட எவளுக்கு என்ன பெரிய சுகம் இருந்துவிடும் என்று நினைத்தாள், நினைத்த மறுநிமிஷமே கண் அந்த வாய்க்குள் போனது. ஆடுகிறது.

ஏழு வயசில் பல் ஆடாமல் மலையா ஆடும். ஊரிலே உலகத்திலே எல்லாக் குழந்தைக்கும் ஆடுகிற பல்தான். ஆனால் சிந்தாமணிக்கு ஏழு என்பது குஞ்சிதத்துக்கும் அவள் புருஷனுக்கும் மாயவரத்தில் பிரசவம் பார்த்த கிழவிக்கும்தான் தெரியும், இந்த ஸ்டூடியோவில் அவளுக்கு வயசு ஐந்து. பத்திரிகைக்காரர்கள்கூட ஐந்து வயது அதிசயம் என்றுதான் போட்டோவுக்குக் கீழே எழுதினார்கள். பொய் என்று சொல்ல முடியாது, சொன்ன அன்றைக்கு அது உண்மை. போன மார்கழிக்கு முந்தின மார்கழி. இதே படம், இதே வேஷம், ஆனால் வேஷத்தில் இருந்தது ஒரு பையன், கொழுகொழுவென்று நல்ல பையன், ஒருநாள் காலையில் முன்பல் இரண்டும் இல்லாமல் வந்து நின்று ஈ என்று சிரித்தான். வாசலில் ஓடும்போது பல் இருக்கிறது, அதே ஓட்டத்தில் கூடத்துக்குள் நுழைந்தால் பல் இல்லை, ஜனங்கள் கொட்டகையில் கைகொட்டிச் சிரிக்கமாட்டார்களா. டைரக்டர் மாசிலாமணி தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "பல்லு விழாத வயசுல ஒண்ணைப் புடிச்சிட்டு வாங்கய்யா! இல்லேன்னா நானே அரை டவுசரைப் போட்டுக்கிட்டு நடிச்சுடறேன்!" அந்தப் பையனுடைய அம்மா பையனின் வாயைத் தன் கையால் பொத்திக்கொண்டே வெளியே போனாள், பொத்தினால் பல் வந்துவிடுமா பாவம். அன்றைக்குக் குஞ்சிதம் கூட்ட நடனத்துக்கு வந்திருந்தாள், காலில் சலங்கை, இடுப்பைக் கட்டிக்கொண்டு சிந்தாமணி. டைரக்டரின் கண் வந்து விழுந்தது. "யார் குழந்தைம்மா இது? வயசு என்ன?" "அஞ்சு சார்." "எங்கே, பல்லைக் காட்டு." சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி தாடையைத் தூக்கிப் பார்த்தார், ஒவ்வொன்றாக அழுத்திக்கூடப் பார்த்தார், அத்தனையும் ஆணி அடித்த மாதிரி இருந்தது. "படம் முடியற வரைக்கும் அஞ்சாவே இருக்கட்டும்!" என்று அவர் சொன்னது விளையாட்டுக்கு. குஞ்சிதம் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டாள்.

அடுத்த தையில் வயசு ஏறியது. பெரிய நடிகர் கால்ஷீட் கொடுக்காமல் படம் இழுத்துக்கொண்டே போனது, பொங்கலுக்கு யாரோ கேட்டார்கள், அஞ்சுதானே, ஆமாம் அஞ்சுதான். மறுபடி ஒரு தை. அஞ்சுதான். சொன்ன உண்மையை விடாமல் பிடித்து வைத்துக்கொண்டதைத் தவிர அவள் செய்த தப்பு என்ன? அது கையிலேயே நாளடைவில் பொய்யாகிப் போயிருந்தது, பால் திரிந்தால் பாத்திரம் பிடித்தவளா பொறுப்பு. இந்தப் பிறந்தநாளுக்குப் பாயசத்தைக் குடித்துக்கொண்டே குழந்தை கேட்டது. "எனக்கு இப்ப எத்தனைம்மா?" "அஞ்சு." "போன பாயசத்துக்கும் அஞ்சுதானே சொன்னே?" "நல்ல வயசுடி, இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்." குழந்தை யோசித்துவிட்டுச் சரி என்றது, ஒரே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்காரச் சொன்னால் உட்காருகிற மாதிரி. கேட்டுக்கொண்டிருந்த புருஷன்தான் பம்பை வைத்துவிட்டு முறைத்தான். வடபழனியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறான், நாள் முழுக்கக் காற்றடிக்கிற மனுஷன், பேசினால் மட்டும் காற்றைப் பிடுங்கிவிடுவான். "வயசு என்ன பாவாடையாடி, டக் புடிச்சுத் தைக்க? அப்படியே இருந்தாலும் டக்கை ஒருநாள் பிரிச்சுத்தானே ஆகணும்?" பிரிக்கலாம், யார் வேண்டாமென்றது, இந்த ஒரு சீன் முடியட்டும்.

இந்த ஒரு சீன். இன்றைக்கு, இப்போது, அவர் தூங்கி எழுந்ததும். பட்டாளத்துக்குப் போன அப்பா, செத்துப்போய்விட்டார் என்று எல்லாரும் அழுது முடித்த அப்பா, வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். பிறந்ததிலிருந்து பார்த்தறியாத பிள்ளை அவரை யார் என்று கேட்கிறான். இதற்காகத்தான் கதையே. இந்த சீனில் ஜனங்களை அழவைத்துவிட்டால் அப்புறம் வேஷத்துக்கு வாசலில் நிற்க வேண்டாம், வாசலுக்கே கார் வரும். நடிகரின் முகம் தெரிகிற பக்கத்தை நேற்றே எடுத்துவிட்டார்கள், இன்றைக்குக் குழந்தையின் முகம். பல் விழுந்தால்? விழுந்தால் என்ன செய்வார்களென்று அவளுக்குத் தெரியும், உதவி டைரக்டர்கள் பேசிக்கொண்டதைக் காதால் கேட்டிருக்கிறாள். வேறு ஒரு பையனுக்கு இதே சட்டையை மாட்டி முதுகை மட்டும் காட்டி எடுத்துவிடுவார்கள், முகமெல்லாம் நடிகருடைய முகமாகவே இருக்கும், சிந்தாமணி அழவேண்டிய இடத்தில் யாரோ ஒருவனுடைய பிடரி இருக்கும். ஒரு வருஷத்துக்கு மேல் கிராப்புத் தலையோடு அலைந்ததற்குப் பிடரி. அந்த முடி, இடுப்புக்குக் கீழே பாம்பாகத் தொங்கின முடி, அக்கம்பக்கத்தில் சாமிக்கு வேண்டுதல் என்று சொல்லிவைத்தாள், சாமி மன்னிப்பார். நாவிதர் கத்தரியை வைத்தபோது குழந்தை அழவில்லை, குஞ்சிதம்தான் கொல்லைப்பக்கம் போய் நின்றாள். விழாது. இன்றைக்கு விழாது. கூழாகத்தானே கொடுத்தோம். நாக்கால் தள்ளாமல் இருக்கவேண்டுமே, குழந்தைகளுக்கு ஆடுகிற பல் கிடைத்தால் நாக்கு சும்மா இருக்காதே. காலையிலிருந்து கவனித்தாள், தள்ளவில்லை, ஒரு தடவைகூடத் தள்ளவில்லை, அந்தமட்டுக்கும் பகவான் காப்பாற்றினார். இதற்குப் பல் ஆடுவதே தெரியாது போலிருக்கிறது, தெரியாமல் இருப்பதும் நல்லதுக்குத்தான்.

தூக்கத்தில் சிந்தாமணி சப்புக்கொட்டினாள். குஞ்சிதத்துக்கு உயிர் போய் வந்தது. கைக்குழந்தையாக இருந்தபோதும் இப்படித்தான் சப்புக்கொட்டும். அப்போது குஞ்சிதம் மூன்றாவது வரிசையில் ஆடிக்கொண்டிருந்தாள், மூன்றாவது வரிசை என்றால் படத்தில் ஒரு முழங்கை, ஒரு ஜடை, அதிர்ஷ்டமிருந்தால் அரை மூக்கு. உடுப்புப் பெட்டியின் மேல் துணிவிரித்துக் குழந்தையைக் கிடத்திவிட்டு ஆடப்போவாள், பாட்டின் நடுவே பால் கட்டிக்கொண்டு ரவிக்கை நனையும், அப்போதும் சிரித்துக்கொண்டேதான் ஆடவேண்டும். ஒருநாள் தொட்டிலில் போட ஏற்பாடு செய்திருந்த குழந்தை வரவில்லை, உடுப்புப் பெட்டியிலிருந்து இதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அத்தனை பெரிய விளக்குகளை முகத்துக்கு நேரே போட்டதும் எந்தக் குழந்தையும் வீறிட்டு அலறும், இது கையைக் காலை உதைத்துக்கொண்டு விளக்கைப் பார்த்துச் சிரித்தது. மூன்றாவது வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தாள் குஞ்சிதம். என் முகத்துக்கு வராத விளக்கு உன் முகத்துக்கு வந்ததே என்று இருந்தது. பொறாமையா என்று அவளே தன்னைத் தோண்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், இல்லை, சத்தியமாக இல்லை, கொஞ்சம் இருந்திருந்தாலும் அது பால் கட்டின வலியோடு அன்றைக்கே போயிற்று. இப்போது இருப்பது வேறு. இந்தக் குழந்தைக்கு அழ கிளிசரின் வேண்டாம், அதுதான் அவளுக்குப் புரிபடாத விஷயம். மற்றக் குழந்தைகளுக்குக் கண்ணில் போட்டு, எரிச்சலில் அழுது, கண் வீங்கி வீட்டுக்குப் போகும். இது ஸ்டார்ட் சொன்னால் அழுகிறது, கட் சொன்னால் நிற்கிறது. "எதை நெனச்சுடி அழறே?" என்று தலை துவட்டும்போது கேட்டாள். "சும்மாதான்." "சும்மா எப்படி வரும்?" "வரும்." எதை நினைக்கிறது? ஆறேழு வருஷமாக இடுப்பில் சுமந்த குழந்தைக்குள்ளே தனக்குத் தெரியாமல் அழுவதற்கு என்ன இருக்கிறது? அடித்ததையா, அப்பளம் கொடுக்காததையா, சனியனே என்றதையா, அந்த முடியையா? இந்த இடத்துக்கு வந்தால் குஞ்சிதத்தின் நினைப்பு செக்குமாடாகச் சுற்றும், சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வரும், சரி, நல்லாத்தானே இருக்கிறது குழந்தை, சாப்பிடுகிறது, தூங்குகிறது என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு இறங்குவாள்.

மேக்கப்காரர் தணிகாசலம் பவுடர்ப் பெட்டியோடு வந்தார். நல்ல மனுஷர், பெரிய நடிகரின் வழுக்கையே அவர் கைக்குள்தான் இருக்கிறது. "எழுப்பும்மா, அண்ணன் முழிச்சிட்டாரு" என்று குனிந்தவர் அப்படியே நின்றார். பார்த்துவிட்டார். தொழில்காரன் கண்ணுக்கு எதை மறைக்க முடியும். குஞ்சிதம் உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

"இன்னாமா இது, அஞ்சு வயசுக்கே ஆடுது?"

"சில குழந்தைக்கு முன்னாடியே ஆடும் அண்ணே."

"எனக்கும் நாலு புள்ளைங்கமா" என்றார் தணிகாசலம், அதற்குமேல் கேட்கவில்லை. "வேணும்னா மீசை ஒட்டற பசை இருக்கு, ஒரு சொட்டு வெச்சுடட்டா? மகாராஜா மீசையே நிக்குது, ஒரு பல்லு நிக்காதா?"

குஞ்சிதம் ஒரு கணம் யோசிக்கவே செய்தாள். அப்புறம் நினைப்பே சிரிப்பாக வந்தது, மீசைப் பசையில் பிள்ளையின் பல்லை ஒட்டி அதன்மேல் எதிர்காலத்தைக் கட்டுவதா. வேண்டாமென்று தலையாட்டினாள். சிந்தாமணி எழுந்து, கண்ணைக் கசக்கி, வாயை மூடிக்கொண்டாள், மூடினது மூடினபடி பவுடருக்கு முகத்தைக் காட்டினாள். இந்த அடக்கம் எங்கிருந்து வந்தது இதற்கு, என் வயிற்றிலா பிறந்தது என்று பெருமையாக இருந்தது.

உள்ளே விளக்கெல்லாம் போட்டுவிட்டார்கள். மரப்பலகையில் ஓடு வரைந்த கூரையும் பச்சைக் கதவுமாக ஒரு வீடு, முன்பக்கம் மட்டும் வீடு, பின்னால் போனால் முட்டுக்கொடுத்த கம்புகள். பெரிய நடிகர் பட்டாளத்து உடுப்பில் தோள்பையோடு நின்றார், தூக்கம் தெளிந்த முகம், நல்ல சகுனம். குழந்தை வாசல்படியில் உட்கார்ந்தது. ஒத்திகை பார்த்தார்கள். "நீங்கதான் எங்கப்பாவா? அப்ப ஏன் இத்தனை நாளா வரலே?" அவ்வளவுதான் வசனம், நாலு தடவை சொல்லிப் பார்த்தார்கள், நாலு தடவையும் சரியாகச் சொன்னது, பல் இருந்த இடத்தில் இருந்தது, குஞ்சிதம் தூணோரமாக நின்று மூச்சைக் கொஞ்சம் விட்டாள். ஆயிற்று, ஒரு டேக், அதிகம் போனால் இரண்டு, நாளைக்கு விழட்டும், நாளைக்கு அத்தனை பல்லும் கொட்டட்டும். மாசிலாமணி மட்டும் தாடையைச் சொறிந்தார். "என்னவோ குறையுதய்யா. ரொம்பப் பெரிய மனுஷத்தனமாப் பேசுது. கையில ஏதாவது குடுங்க." சுற்றிப் பார்த்தார். யாரோ சாப்பிட வைத்திருந்த கொய்யாக்காய் ஒன்று பெட்டிமேல் இருந்தது. "அதைக் குடு. அப்பா பையிலேர்ந்து எடுத்துக் குடுக்கறாரு. ஒரு கடி கடிச்சுட்டு அப்புறம் கேளு கண்ணு. அப்பதான் குழந்தை குழந்தையா இருக்கும்."

செங்காய். பழமாகக்கூட இல்லை. குஞ்சிதத்தின் கால் தானாக முன்னால் போனது.

"சார், கொய்யா வேண்டாம் சார். குழந்தைக்குச் சளி."

"கடிச்சுட்டுத் துப்பிடட்டும்மா."

சொல்லிவிடலாம். பல் ஆடுது சார், ஏழு வயசு சார், வாழைப்பழம் கொடுங்கள் சார். மூன்றே பேச்சு. வாய்க்குள் மூன்றும் வரிசையாக வந்து நின்றன, அவள் வாழ்நாளெல்லாம் நின்ற மூன்றாவது வரிசை மாதிரி, ஒன்றாவது முன்னால் வரவில்லை. சொன்னால் பிடரி. சொல்லாவிட்டால் ஒருவேளை, ஒருவேளை குழந்தை ஓரத்துப் பல்லால் கடித்தால், கடைவாயில் வைத்துக் கடித்தால், அடி என் கண்ணே கடைவாயில் வை, என்று அவள் தூணைப் பிடித்துக்கொண்டு குழந்தையையே பார்த்தாள். சிந்தாமணி கொய்யாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேள்வி இருந்ததா பதில் இருந்ததா என்று குஞ்சிதத்துக்குப் பிடிபடுவதற்குள் கிளாப் அடித்தாகிவிட்டது.

நடிகர் மண்டியிட்டுக் கொய்யாவை நீட்டினார். குழந்தை வாங்கிக் கடித்தது, நேராக, முன்பல்லால், குழந்தை எப்படிக் கடிக்குமோ அப்படி. கடித்த கொய்யாவை வாயிலிருந்து எடுத்தது. வெள்ளைச் சதையில் பல் நின்றது, நெல்லுமணி அளவுக்கு, பக்கத்தில் சிவப்பாக ஒரு கோடு. குஞ்சிதம் தூணோடு ஒட்டிக்கொண்டாள், போச்சு, எல்லாம் போச்சு, கட் சொல்லப்போகிறார், தொப்பி தரையில் விழப்போகிறது, நான் என் கையால் அதன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போகப்போகிறேன். கட் வரவில்லை. கேமரா ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. குழந்தை பல்லைக் கொய்யாவிலிருந்து பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தது, அப்புறம் எதிரே மண்டியிட்டிருந்தவரைப் பார்த்தது, அம்மா பக்கம் திரும்பவேயில்லை.

"பல்லு விழுந்துடுச்சுப்பா" என்றது. வசனத்தில் இல்லாத பேச்சு. பல் போன சந்தில் காற்று புகுந்து பேச்சு கொஞ்சம் சீறியது. "கூரை மேல போடுப்பா. அப்பதான் புதுசு மொளைக்கும். அம்மாவுக்கு எட்டாது. அதான் நீ வர்ற வரைக்கும் விழாம பாத்துக்கிட்டே இருந்தேன்."

பார்த்துக்கொண்டே இருந்தாளாம். அப்பளம் கேட்டது சும்மா கேட்டது, கொடுத்திருந்தாலும் தின்றிருக்கமாட்டாள். நாக்கு தள்ளாமல் காத்தது பகவான் இல்லை, இவள். வாயை மூடிக்கொண்டு பவுடருக்கு முகம் காட்டினது அடக்கம் இல்லை, காவல். எத்தனை நாளாக? நேற்று பல்பொடி தேய்க்கும்போதுதானே நான் பார்த்தேன், அதற்கு முன்னாலிருந்தேவா, ஒன்றும் சொல்லாமலா, இந்த அம்மா பயப்படுவாள் என்றா. குஞ்சிதத்துக்கு அழுகை வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, இரண்டையும் பிரித்துப் பார்க்க அவளுக்கு அவகாசமில்லை. நடிகருக்குக் கண் நிறைந்துவிட்டது, நேற்று கிளிசரின் போட்டும் நிறையாத கண். அவர் பல்லை வாங்கி, ஒரு நிமிஷம் மூடின கைக்குள் வைத்திருந்து, எழுந்து, அந்தப் பலகைக் கூரைமேல் எறிந்தார். ஓடு வரைந்த மரத்தில் அது டக்கென்று விழுந்தது எல்லாருக்கும் கேட்டது. குழந்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஏதோ மறந்து ஞாபகம் வந்த மாதிரி, "நீங்கதான் எங்கப்பாவா? அப்ப ஏன் இத்தனை நாளா வரலே?" என்று கேட்டது. கேட்டுவிட்டு அழுதது.

"கட்" என்றார் மாசிலாமணி. வெகுநேரம் கழித்துச் சொன்னார், குரல் கம்மியிருந்தது.  மேலே விளக்குப் பலகையில் உட்கார்ந்திருந்த ஆள் ஒருவன்தான் முதலில் கைதட்டினான், அப்புறம் எல்லாரும் தட்டினார்கள், தணிகாசலம் பவுடர்ப் பஞ்சால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உதவி டைரக்டர் ஓடிவந்தார். "மிச்ச சீனுக்குப் பல்லு சார்?" "மிச்சமெல்லாம் இதுக்கப்புறம் நடக்கறதுதானேய்யா? பொக்கைவாயோடவே வரட்டும். ஜனங்க இந்தப் பல்லைத்தான் பேசப்போறாங்க, பாரு." சொல்லிவிட்டுக் குஞ்சிதத்தின் பக்கம் திரும்பினார். தொப்பி தலையில்தான் இருந்தது.

"இங்கே வாம்மா. அஞ்சு வயசுல பல்லு விழுதாக்கும்? நெசமா என்ன வயசு?"

தூணை விட்டுவிட்டு முன்னால் வந்தாள். இத்தனை விளக்குக்கு நடுவில் இத்தனை முன்னால் அவள் ஒருநாளும் நின்றதில்லை, முகம் சுட்டது.

"ஏழு சார். இந்தத் தையோட ஏழு."

சொன்னதும் இடுப்பிலிருந்து பெரிய குடத்தை இறக்கி வைத்தது போலிருந்தது. மாசிலாமணி வாய்விட்டுச் சிரித்தார், நடிகர் சிரித்தார், வெளிச்சத்தில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். சிந்தாமணி மட்டும் சிரிக்கவில்லை. கன்னத்தில் கண்ணீர் இன்னும் காயாமல் நின்றது. பல் போன இடத்தை நாக்கால் தடவிக்கொண்டே அம்மாவை உற்றுப் பார்த்து, விரல்களை மடக்கி எண்ணினாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"அப்ப எனக்கு ஆறு எப்பம்மா வந்துச்சு?"

எல்லாரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். குஞ்சிதமும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள்.